தவிட்டுக்கு வாங்கிய தங்கச்சி

அருஞ்சுனையை அவன் பெண்டாட்டி முதன்முதலாக "அண்ணே" என்று கூப்பிட்டு எழுப்பிய சாயங்காலத்தில், ஆலந்தேரியில் அதைவிடப் பெரிய கூத்துகள் தெருவுக்குத் தெரு நடந்துகொண்டிருந்ததால், ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் மட்டும் பாயில் எழுந்து உட்கார்ந்து, தூக்கத்தின் மிச்சம் காதில் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, நிலைப்படியில் தண்ணீர்ச் செம்போடு நின்றவளைப் பார்த்தான். அவளோ வாயிலிருந்து விழுந்துவிட்ட சொல்லைத் தரையில் தேடுகிறவள்போலக் குனிந்து நின்றாள்.

"என்ன சொன்ன?"

"மணியாச்சுன்னு சொன்னேன்..." என்று தொடங்கி, வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குப் பின்னாலிருந்து அது மறுபடியும் வந்தது. "மணியாச்சுண்ணே."

அருஞ்சுனைக்குத் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பேக்டரியில் இரவு வேலை. ஊர் உறங்கும்போது உப்புத் தண்ணீருக்குள் தகரப் பெட்டிகளை இறக்கி, ஏற்றி, பாளம் பாளமாக ஐஸைக் கவிழ்த்துவிட்டு, வெள்ளாப்பில் வீட்டுக்கு வந்து, ஊர் விழித்திருக்கும்போது உறங்குகிறவன். கல்யாணமான நாளிலிருந்து அவனும் தவிட்டம்மாளும் ஒன்றாக விழித்திருந்தது காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். பிள்ளையும் இல்லை. அவளுடைய "அத்தான், மணியாச்சு" என்கிற குரல்தான் அவனுக்குச் சேவல். அதைக் கேட்டுத்தான் அவனுக்குப் பொழுது விடியும், மற்றவர்களுக்குப் பொழுது அடையும் நேரத்தில். சொந்த அத்தை மகள் அவள். பாவாடை கட்டிக்கொண்டு கொடுக்காப்புளி பொறுக்கிய காலத்திலேயே அவனை அத்தான் என்று கூப்பிட்டுப் பழகியவள், பிறகு அதே சொல்லை அப்படியே கல்யாணத்துக்குள்ளும் எடுத்துக்கொண்டு வந்தவள்.

இத்தனைக்கும் காரணம் மரம்.

மரமென்றால் வேரும் கிளையும் உள்ளதல்ல, போனுக்குள் இருந்தது. பேச்சியம்மனைக் கும்பிடுகிற குடும்பங்கள் உப்பும் மீனும் கைவிடப் பிழைப்புக்குக் கோயம்புத்தூர், மும்பை, மஸ்கட் என்று சிதறிப்போய், கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தால் யாரை அண்ணன் என்பது யாரை மச்சான் என்பது என்று தெரியாமல் சும்மா சிரித்து வைக்கிற நிலைமை வந்துவிட்டதால், அருஞ்சுனையின் அக்கா மகன் கோமதிநாயகம், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், எல்லாரும் சேர்ந்து எழுதுகிற மாதிரி ஒரு குடும்ப மரத்தைப் போனில் போட்டுவிட்டான். யார் வேண்டுமானாலும் பேர் சேர்க்கலாம், யாருக்கும் யாருக்கும் கோடு இழுக்கலாம். இழுத்தார்கள். டீக்கடையில் உட்கார்ந்து இழுத்தார்கள், பஸ்ஸில் நின்றுகொண்டு இழுத்தார்கள், மஸ்கட்டில் ஏசி அறைக்குள் இருந்தபடி தாத்தாவின் தம்பியைத் தப்பான வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கொடைக்குப் பந்தக்கால் நாட்டிய செவ்வாய்க்கிழமையன்று கடைசிக் கிளையும் மரத்தில் சேர்ந்தது. அன்றையிலிருந்து ஆலந்தேரிக்காரர்களின் நாக்கு மரத்துக்குக் கட்டுப்பட்டுப்போனது. மரத்தில் எது முறையோ அதுதான் வாயில் வந்தது. பேர் சொல்லிக் கூப்பிடத் தடையில்லை. உறவு சொல்லிக் கூப்பிட்டால் மரம் சொல்கிற உறவு.

டீக்கடை வெள்ளைக்கண்ணு, "வாங்க சார்" என்று பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கூப்பிட வாயைத் திறந்தவன் "வாங்க மருமகனே" என்றான். வாத்தியாரும், "சீனி கம்மியா ஒரு டீ மாமா" என்று சொல்லிவிட்டுத் தினத்தாளை விரித்தார். வேலித் தகராறில் ஒருவரையொருவர் வெட்டுவேன் குத்துவேன் என்று திரிந்த இரண்டு பேர், அன்றும் வழக்கம்போல அரிவாளும் கையுமாக வேலிக்கு வந்து, ஏலே என்று தொடங்க நினைத்து, ஒருவன் "பெரியப்பா" என்றும் மற்றவர் "மவனே" என்றும் சொல்லிவிட்டு, அதற்கு மேல் எந்த வசவை வைத்தாலும் பொருந்தாமல் போனதால், வேலி ஓரத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் பஸ் ஏற நின்றபோது, தாளமுத்து நகரிலிருந்து கருவாடு வாங்க வந்த ஒரு பெண் கூட்டத்துக்குள் அவரைப் பார்த்து "அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். யாரோ எங்கிருந்தோ அவளை மரத்தில் சேர்த்திருந்தார்கள், அதுவும் சரியாகச் சேர்த்திருந்தார்கள். கூடி நின்றவர்கள் அதிசயப்படவில்லை. கண்டக்டர், "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு சீட்டு இருக்கு, ஏறுங்க" என்றான். தலைவர் ஏறவில்லை. அந்த வாரக் கடைசியில் அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தார். தலைவரின் பெண்டாட்டி நிலையில் நின்று அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மவளே" என்று வாய் சொல்லிவிட்ட பிறகு, என்ன செய்வதென்று தெரியாமல் இலை போட்டாள்.

எல்லாவற்றிலும் பாவம் கீழத்தெருவில் பிறந்து இன்னும் மரத்தில் ஏறாத ஒரு பச்சைப்பிள்ளை. பெற்றவளே தூக்கி வைத்துக்கொண்டாலும் "என் மவளே" என்று கொஞ்ச நாக்கு எழவில்லை. அவள் வெறும் காற்றை ஊதுவதைப் பார்த்துப் பிள்ளை வீறிட்டது. தகப்பன் வேர்த்து விறுவிறுத்துப் போனில் பேரைச் சேர்த்த பிறகுதான் வீடே ஒரு மூச்சு அழுது கொஞ்சித் தீர்த்தது. அதிலிருந்து ஆலந்தேரியில் பிறந்த நாக்கில் சீனித்தண்ணீரால் சேனை தொட்டு வைக்குமுன் பிள்ளையை மரத்தில் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது.

ஊர் இப்படிப் பழகிக்கொண்டது. அருஞ்சுனை வீட்டுக் கோடு எப்படிக் கோணியது என்பதற்கும் ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால், அவன் வேலை முடிந்து வந்து பாலில்லாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்த காலையில், கோமதிநாயகம் போன் போட்டு, "அத்தையோட அப்பா அம்மா பேரு வேணும் மாமா, மரத்துல போடணும்" என்று கேட்டான். அடுப்படியில் அவள் காது கேட்கும் தூரத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு அருஞ்சுனை வேண்டுமென்றே சத்தமாக, "அவளா? அவ எங்க பேச்சிமுத்துச் சித்தப்பா ஒரு நாழி தவிட்டுக்கு வாங்குன புள்ளைல்லா!" என்றான். உள்ளேயிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டை பறந்து வந்து அவன் காலடியில் விழுந்தது. "இந்த மூஞ்சிக்கு ஒரு நாழி தவிடு சாஸ்தி" என்று குரலும் வந்தது. காலமெல்லாம் அவர்கள் வீட்டில் நடந்துவந்த விளையாட்டு அது.

விளையாட்டானாலும் பொய்யில்லை. அவன் அத்தை உலகம்மாளுக்குப் பிறந்த பிள்ளைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக, தவழுமுன்னே போய்க்கொண்டிருந்தன. மூன்று போனபிறகு நாலாவதாக இவள் பிறந்தாள். பேறு பார்த்த அன்றைக்கே உலகம்மாளின் சின்ன அண்ணன் பேச்சிமுத்து புறவாசல் வழியாக வந்து, ஒரு நாழி தவிட்டை அளந்து வைத்துவிட்டு, பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, தெருவைச் சுற்றி முன்வாசல் வழியாக மறுபடியும் வந்து, "இது நான் தவிட்டுக்கு வாங்குன புள்ளை, கொஞ்ச நாள் வச்சு வளத்துத் தா" என்று தங்கச்சி மடியில் போட்டார். உயிரை எடுத்துக்கொண்டு போகிறவன் வந்தால், இது உலகம்மாள் பிள்ளை இல்லை, வேறு யார் வீட்டுப் பிள்ளையோ என்று திரும்பிப் போவான் என்பது கணக்கு. அதனால்தான் தவிட்டம்மாள் என்று பேர். பிள்ளை நின்றுவிட்டது. ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்ததுதான். வாங்கினவர் வாங்கினவராகவே இருக்க, எல்லாருக்கும் தெரியும் யார் பிள்ளை யாரென்று.

கோமதிநாயகத்துக்குத் தெரியவில்லை. அவன் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவன். தத்தெடுப்பதைக் கேள்விப்பட்டிருந்தான், தவிட்டைக் கேள்விப்பட்டதில்லை. பேச்சிமுத்துவுக்குக் கீழே தவிட்டம்மாளை மகளாகப் போட்டான். அப்புறம் ஒருநாள் ராத்திரி நூற்றுக்கணக்கான கோடுகளைத் தூக்கக் கலக்கத்தில் சரிபார்த்துக்கொண்டு வந்தவன், யார் பேரென்றுகூடப் பார்க்காமல், சித்தப்பா மகள் என்றால் தங்கச்சியல்லவா, தங்கச்சிக்கும் அண்ணனுக்கும் நடுவில் யாரோ கல்யாணக் கோடு இழுத்து வைத்திருக்கிறார்களே என்று முகம் சுளித்து, அந்தக் கோட்டையும் அழித்துவிட்டான்.

அண்ணே என்று அவள் கூப்பிட்ட மறுநாள் குழாயடியில் பெண்கள் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு, தள்ளிக்கொண்டு குடம் வைக்கிறவர்கள், பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிற பெண்ணுக்கு விடுகிறதுபோல அவளுக்கு முதலில் இடம் விட்டார்கள். கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால்கூட அவள் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி லேசாகியிருப்பாள். வீட்டில், யாரும் சொல்லாமலே, அவள் பாய் அடுப்படிக்குப் போனது. தாலியை அவள் கழற்றவில்லை, சேலைக்குள் விட்டுக்கொண்டாள். அவன் "ஏட்டி" என்று கூப்பிட நினைத்தால் "தங்கச்சி" என்று வந்தது. "தவிடு" என்று பேரைச் சுருக்கிக் கூப்பிட்டான், அது வந்தது. ஆனால் புருசன் வாயில் கொஞ்சலாக இருந்த பேர் அண்ணன் வாயில் பரிகாசமாக ஒலித்தது, அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கோ அந்த வழியும் கிடையாது. புருசன் பேரை அவள் ஒருநாளும் சொன்னவளில்லை, இப்போது சொன்னால் அவன் புருசன் இல்லை என்று அவளே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

மெல்ல மெல்ல அவள் கூப்பிடுவதையே விட்டாள். சாயங்காலமானால் செம்பை எடுத்து நிலைப்படியில் ணங்கென்று வைப்பாள். அந்தச் சத்தத்தில் அவன் எழுந்துகொள்வான்.

இந்தக் கோணல் கோட்டால் வாழ்ந்தவன் ஒருவன் உண்டு, மாசானம். பேச்சிமுத்துச் சித்தப்பாவின் ஒரே மகன். பஞ்சர் கடை வைத்திருந்தான். அருஞ்சுனைக்கு இளையவன், தவிட்டம்மாளுக்கு மூத்தவன். கூடப்பிறந்த பெண் இல்லாதவன். பொங்கலுக்குப் பொங்கல், ஊரில் அண்ணன்மார் கரும்பும் மஞ்சள்குலையும் தோளில் வைத்துக்கொண்டு தங்கச்சி வீடுகளுக்குப் போவதை, டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி எங்கே குமிழ் வருகிறதென்று பார்க்கிற பாவனையில் பார்த்துக்கொண்டிருப்பான். செவ்வாய்க்கிழமையன்று கடைக்கு முன்னால் நடந்துபோன தவிட்டம்மாளை "மதினி" என்று கூப்பிட வாயெடுத்து, "தங்கச்சி" என்று கூப்பிட்டுவிட்டு, கிரீஸ் அப்பிய கையோடு அப்படியே நின்றான். மறுநாள் காலையில் ஒரு தார் பழமும் மஞ்சளும் பச்சைக் கரை போட்ட சேலையும் கொண்டுவந்து அருஞ்சுனை வீட்டில் வைத்தான்.

"பொங்கலுக்கு இன்னும் எவ்வளவோ நாள் கெடக்கே, இப்ப எதுக்கு?" என்றாள் அவள்.

"முன்ன குடுக்காததையும் சேத்துக் குடுக்கணும்லா தங்கச்சி. எம்மவ செல்விக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்கு. அத்தைன்னு ஒருத்தி வெளக்குப் புடிச்சு முன்னால நடக்கணும். யாரைக் கூப்பிடன்னு நானும் உன் மதினியும் முழிச்சிக்கிட்டு இருந்தோம்." அவன் கண் தளும்பியது. "நீ நடப்பியாம்மா?"

உள்ளே பாயில் விழித்துப் படுத்திருந்த அருஞ்சுனைக்கு, ஒருத்தன் இழந்ததை இன்னொருத்தன் இவ்வளவு சந்தோஷமாகக் கையில் ஏந்திக்கொண்டு நிற்பதைக் கேட்க, கோபப்படவும் முடியவில்லை, படுத்திருக்கவும் முடியவில்லை.

கொடை முடிந்த ஞாயிற்றுக்கிழமை கோமதிநாயகம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து கோயில் மண்டபத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தான். ஊரே வரிசையில் நின்றது, சாமி கும்பிட நிற்கிறதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டு. ஒவ்வொருவரும் தன் கோட்டை எங்கே தப்பு என்று சொல்ல, இரண்டு பேர் ஆமாம் போட, அவன் அழித்து வேறு இடத்தில் இழுத்தான். இழுத்த மாத்திரத்தில் நின்றவர்களின் நாக்கு விடுபட்டது. தப்பான தாத்தாவிடமிருந்து மீண்டவர்கள் சொந்தத் தாத்தாவைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். வேலிச் சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் வரிசையில் பாதி வரைக்கும் வந்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "சரி, இருக்கட்டும்" என்று திரும்பிப் போய்விட்டார்கள்.

அருஞ்சுனையும் தவிட்டம்மாளும் முன்னால் வந்ததும் கோமதிநாயகம் எழுந்து நின்றுவிட்டான். "மன்னிச்சிருங்க சித்தி" என்றான். அவளை அவன் பிறந்ததிலிருந்து அத்தை என்றே கூப்பிட்டவன், அந்தச் சொல் தன் வாயில் வராததைக் கேட்டு முகம் கறுத்தான். உட்கார்ந்து கோட்டை அழித்தான். உலகம்மாளுக்குக் கீழே இழுத்தான். "ஆச்சு" என்று அவன் கையை எடுக்குமுன் கோடு நழுவி, கயிற்றை அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி தொழுவத்துக்குப் போகிறதுபோல, பேச்சிமுத்துவிடமே போய் ஒட்டிக்கொண்டது. மறுபடியும் அழித்தான். மறுபடியும் போனது. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும் வரைக்கும் அழித்தான். எல்லாக் கோடும் கேட்கிறது, இது ஒன்று மட்டும் கேட்கவில்லை என்றான்.

"அண்ணே, வீட்டுக்குப் போவோம்" என்றாள் தவிட்டம்மாள்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு அருஞ்சுனை நேரே பஞ்சர் கடைக்குப் போனான். மாசானம் ஒரு டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவன் பம்பை வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டான். கேட்குமுன்னே அவன் சொல்லத் தொடங்கினான்.

"கோடு நிக்கலைன்னு சொன்னாங்க. எனக்கு அப்பவே தெரியும்ணே. தவிட்டுக்கு வாங்குன புள்ளையைக் கல்யாணத்துக்கு மின்ன தவிட்டைத் திருப்பிக் குடுத்து மீக்கணும்லா? அத்தை திருப்பவே இல்ல."

அருஞ்சுனைக்கு அப்போது ஞாபகம் வந்தது. அவன் தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், பந்தலில் யாரோ "தவிடு எங்க, தவிடு எங்க" என்று கேட்டார்கள். வெறுங்கையோடு நின்ற அத்தை, "அதுக்கென்ன, பந்தி முடியட்டும்" என்றாள். பந்தி முடிந்தது, மறுவீடு முடிந்தது, அத்தையின் காலமும் முடிந்தது.

"மறந்துட்டான்னு நெனச்சேன்" என்றான்.

"மூணைத் தூக்கிக் குடுத்தவ மறப்பாளா? பயம். திருப்பிட்டா இது அவ புள்ளைன்னு எடுத்துட்டுப் போறவனுக்குத் தெரிஞ்சிரும்லா. எங்கப்பாவும் ஒருநாளும் கேக்கல. கடைசியில படுக்கையில கெடக்கும்போது என்கிட்ட, 'அந்தத் தவிட்டை யாரு கொண்டாந்தாலும் வாங்காதலே'ன்னுட்டுப் போனாரு." மாசானம் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீங்க நெனைக்கலாம், இவனுக்குத் தங்கச்சி வேணும், அதான் இப்படிச் சொல்லுதான்னு. அதுவும் உண்டு, இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்காக மட்டும் இல்லண்ணே."

மரத்துக்கு எது தப்பு எது சரி என்று தன்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது என்று அருஞ்சுனை நினைத்துக்கொண்டான். தன் விளையாட்டுப் பேச்சைக் கேட்டுப் போட்டதுதான் அந்தக் கோடு. போட்ட பிறகு பார்த்தால் அதுதான் இருந்த நிலைமை. அவள் இன்னும் மீட்கப்படாத பிள்ளை. இத்தனை வருஷமும் வேறு வீட்டுப் பிள்ளையாக ஒளிந்திருந்து, அந்த ஒளிவிலேயே அவனுக்குச் சோறு பொங்கியவள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டாள்.

"இப்படியே இருந்துருவோம் தங்கச்சி" என்றான். "கூப்பிடுற பேருல என்ன இருக்கு? நீ இருந்தா போதும்."

"உங்களுக்கு நான் இருந்தா போதும். எனக்கு நான் இருந்தா மட்டும் போதாதுண்ணே."

"ஏதாவது ஆயிட்டா?"

"ஆகும். எல்லாருக்குந்தான் ஆகுது, குழாயடியில நிக்குறவளுக்கெல்லாம் ஆகப்போகுது. அவளுவ ஒளிஞ்சா கெடக்காளுவ?" கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள். "எங்கம்மா சாவுற அன்னைக்கு என்னையக் கிட்ட வரவிடல, தெரியுமா? புறவாசல்ல போய் நில்லு, இங்கன நிக்காதன்னா. அவளைக் கூட்டிட்டுப் போக வந்தவன் கண்ணுல நான் பட்டுறக் கூடாதாம். பெத்தவ மொகத்தைக் கடைசியா ஒருக்காப் பாக்கல நான். இப்ப கட்டுனவரையும் அண்ணன்னு கூப்பிட்டுக்கிட்டு, அடுப்படியில படுத்து, செம்பைத் தட்டி எழுப்பிக்கிட்டு... இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு யாருக்காக இருக்கது? உலகம்மா மவளா ஒருநாள் இருந்துட்டுப் போறேன்."

அருஞ்சுனை நகர்ந்து வந்தான். அவளுக்கு எதிரே உட்கார்ந்து மீதிக் கீரையை உருவிக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில், வேலை முடிந்து வந்தவன் படுக்கவில்லை. அவள் தலைக்கு ஊற்றி, மாசானம் கொடுத்த பச்சைக் கரைச் சேலையையே உடுத்தி, மாட்டுத்தீவனக் கடையில் கேட்டு வாங்கிய தவிட்டைச் சுளகில் கொழித்துக் கல் பொறுக்கி, நாழியில் தலை தட்டி அளந்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். தாலியை எடுத்து வெளியே விட்டுக்கொண்டாள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் அவள் நடந்த தெருவில் கதவுகள் திறந்து திறந்து ஆட்கள் வந்து, அவளுக்குப் பின்னால் நடந்தார்கள், டீக்கடை வெள்ளைக்கண்ணு பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தான், தலைவரின் பெண்டாட்டி புதிதாக வந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், லேப்டாப்பைத் திறந்தபடியே கைக்குழந்தைபோல ஏந்திக்கொண்டு கோமதிநாயகம் வந்தான், வழியில் கிடந்த நாய்கூட எழுந்து வந்தது. அழுகிற வீட்டுக்குப் போகிறவர்கள்போலவும் இருந்தது, பெண் அழைக்கப் போகிறவர்கள்போலவும் இருந்தது.

வாங்கியபோது போலவே புறவாசல் வழியாக வெளியேறித் தெருவைச் சுற்றி வீடு சேரவேண்டும் என்பதால், அவள் மாசானம் வீட்டு முன்வாசலில் ஏறினாள். அவன் வேட்டி மாற்றிக்கொண்டு நடுவீட்டில் நின்றிருந்தான். எவ்வளவு தேய்த்தும் போகாத கிரீஸ் அவன் நகக்கண்களில் இருந்தது.

"வாங்கிக்கோங்கண்ணே" என்று நாழியை நீட்டினாள்.

"எங்கப்பா வாங்காதன்னு சொல்லிட்டுப் போயிருக்காரும்மா."

"எங்கம்மா குடுக்காமப் போனா. போனவங்க ரெண்டு பேரும் பயந்தவங்க. நாம இருக்கோம்லா."

மாசானம் கையை நீட்டுவதும் இழுப்பதுமாக இருந்தான். செல்வி கதவோரம் நின்று, "அத்தை" என்று சொல்லி விம்மினாள். கடைசியில் அவன் நாழியை வாங்கினான். வாங்கி, முறத்தில் கவிழ்த்தான். கவிழ்த்த வேகத்தில், யாரும் எதிர்பாராமல், அதிலிருந்து ஒரு கைப்பிடித் தவிட்டை அள்ளி, அவள் முந்தானையை இழுத்து அதில் போட்டு முடிந்தான். முடிச்சு இறுகவில்லை. மறுபடியும் அவிழ்த்து இறுக்கினான்.

"இவ்வளவையும் வாங்கிக்கிட்டேன். இந்த ஒரு கைப்பிடியை மட்டும் நான் வாங்கல. எல்லாரும் பாத்துக்கிடுங்க, நான் வாங்கல. இந்த ஒரு கைப்பிடிக்கு நீ இன்னும் எங்க வீட்டுப் புள்ளைதான். எவனாவது வந்து கேட்டா, கணக்கு முடியலைன்னு சொல்லு."

தவிட்டம்மாள் முடிச்சைக் கையால் பொத்திக்கொண்டு, புறவாசல் வழியாக இறங்கி, தெருவைச் சுற்றிக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தாள். அவள் வீட்டு நடையில் கால் வைக்கும்போது, முற்றத்தில் நின்ற கோமதிநாயகம் கோட்டை உலகம்மாளுக்குக் கீழே இழுத்தான். நின்றது. அருஞ்சுனைக்கும் அவளுக்கும் நடுவில் இழுத்தான். நின்றது. பேச்சிமுத்துவிடமிருந்து வந்த பழைய கோடு மட்டும் முழுசாக அழியாமல், ஈரத் தரையில் நூல் கிடந்த தடம்போல மங்கலாகக் கிடந்தது. அதை அவன் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான்.

"அது கெடக்கட்டும்ல" என்றான் அருஞ்சுனை. கோமதிநாயகம் தலையாட்டிவிட்டு, அவளைப் பார்த்து "அத்தை" என்று கூப்பிட்டுப் பார்த்தான், வந்தது.

அன்று சாயங்காலம் அவன் உறங்காமலே கண்ணை மூடிப் படுத்திருந்தான். வளையல் சத்தம் நிலைப்படி வரைக்கும் வந்து நின்றது. பிறகு, கொடுக்காப்புளி மரத்தடியிலிருந்து வருகிறதுபோல அவ்வளவு சின்னக் குரலில், "அத்தான், மணியாச்சு" என்று வந்தது.

அதைக் கேட்டு அவன் எழுந்து, அவள் கையிலிருந்த செம்பை வாங்கி, குடிக்க மறந்து, அவளையே பார்த்தான். சந்தோஷம் வந்த வழியிலேயே பயமும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு காலையில் வேலை முடிந்து வரும்போதெல்லாம் தெருமுனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கி, தன் வீட்டில் பாத்திரம் உருளுகிறதா, வாசலில் தண்ணீர் தெளித்த ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே நடந்தான். அவள் இருமினால் எழுந்தான். புறவாசல் கதவுக்குப் புதிதாகத் தாழ்ப்பாள் போட்டான். "யாரு வரப்போறான்னு பூட்டுதீங்க?" என்று அவள் கேட்டால், "பூனை" என்றான்.

ஆடி பிறந்து காற்று தேரிச் செம்மணலைத் தூக்கிக்கொண்டு வந்து ஊருக்குள் கொட்டிய ஒரு மாலையில், அவள் அடுப்படியிலிருந்து இயல்பாக, "அண்ணே, தண்ணி கொதிச்சுட்டு, குளிக்க வாங்க" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவன் பாயில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடியிருந்தான், தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்துத் துண்டை விலக்கினாள். சிரித்துக்கொண்டிருந்தான், கண்ணீர் வழிய.

"இன்னொருக்கா சொல்லு."

"வேணும்னேயா சொன்னேன்? அதுவா வந்துட்டு."

"அதான் சொல்லுதேன். அதுவா வந்துருக்கு. கணக்கு இன்னும் முடியலட்டீ. அவனுக்கு இன்னும் தெரியல."

அவள் முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள். எந்தச் சேலை உடுத்தினாலும் அந்த முடிச்சை எடுத்து அதில் முடிந்துகொள்வது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது.

ஆவணியில் செல்வி கல்யாணத்தில் அவள்தான் விளக்குப் பிடித்து முன்னால் நடந்தாள். நாள் முழுக்க மாசானத்தைக் "கொழுந்தனாரே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில், அவன் தூண் மறைவில் போய் நின்றதைப் பார்த்து, "அழாதீங்கண்ணே" என்றாள். பந்தலில் இருந்தவர்கள் கேட்டும் கேட்காததுபோல வெற்றிலை மடித்தார்கள்.

இப்போதும் அருஞ்சுனை பகலில் உறங்குகிறான், பொழுது அடைகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே விழித்துவிடுகிறான், விழித்தாலும் எழுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வளையல் சத்தம் நிலைப்படிக்கு வருவதற்காகக் காத்துக்கிடக்கிறான். அத்தான் என்று வந்தால் அன்றைக்கு அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போகிறான், புறவாசல் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறான். எப்போதாவது, மாதத்தில் என்றைக்காவது, அண்ணே என்று வந்தால், அன்றைக்குத் தாழ்ப்பாளைப் பார்ப்பதில்லை. கதவைத் திறந்துபோட்டுவிட்டு, சைக்கிள் மணியைச் சும்மா அடித்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி "போயிட்டு வாரேன் தங்கச்சி" என்று கத்திவிட்டுப் போகிறான், எங்கேயாவது நின்று எவனாவது கேட்டுக்கொண்டிருந்தால் அவன் காதிலும் விழட்டும் என்று.